சும்மா போவதற்கு ஒரு காரணம்

மதியம் இரண்டரை மணி. கார்டன் ரீச்சில் தென்கிழக்கு ரயில்வேயின் தலைமை அலுவலகம் சாப்பாட்டுக்குப் பிந்தைய மந்தத்தில் இருக்கிறது. மின்விசிறிக் காற்றில் கோப்புகளின் நாடா நுனிகள் ஆடுகின்றன. கணினித் திரை தானாக அணைந்து வெகுநேரமாகிவிட்டது. அதன் முன்னால் உட்கார்ந்திருக்கும் குமாஸ்தாவின் கண் கைபேசியில். அதில் கண்ணாடி போல ஒரு நீலக் கடல். கடலுக்குள் மரக்கால் ஊன்றிய குடில். குடில் வாசலில் இரண்டு சாய்வு நாற்காலிகள், இரண்டும் காலி. மாலத்தீவு. ஓர் இரவுக்கு வாடகை என்ன என்று விரல் கீழே தள்ளிப் பார்க்கிறது. பார்த்த மாத்திரத்தில் கைபேசி மேஜைமேல் குப்புறப் படுத்துக்கொள்கிறது.

இந்தக் கட்டடத்தின் எந்த மாடியிலும் இப்படி ஒருவரைப் பார்க்கலாம். பெயர் முக்கியமில்லை. வங்காளியாக இருக்கலாம். கரக்பூரில் பிறந்து வளர்ந்த தெலுங்கராக இருக்கலாம். தாத்தா காலத்தில் டைப்பும் சுருக்கெழுத்தும் கற்றுக்கொண்டு கல்கத்தாவுக்கு ரயிலேறி, லேக் மார்க்கெட் பக்கம் குடியேறிய குடும்பத்துத் தமிழராகவும் இருக்கலாம். கனவு மட்டும் ஒன்றுதான்: நாலு நாள், நல்ல ஓட்டல், யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம்.

வேடிக்கை என்னவென்றால், இவர் பிழைப்பே மற்றவர்களை ஊருக்கு அனுப்புவது. ஐந்து வருட சர்வீஸ் முடித்த ரயில்வே குமாஸ்தாவுக்கு ஆண்டுக்கு மூன்று இலவச பாஸ் உண்டு. குடும்பத்தோடு நாட்டின் எந்த மூலைக்கும் போய் வரலாம். நாட்டில் வேறெந்தக் குமாஸ்தாவுக்கும் வாய்க்காத சலுகை. அப்படியும் அவர் உல்லாசமாக எங்கும் போனதில்லை. காரணத்தைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். அவருடைய விடுப்பு விண்ணப்பத்திலேயே அது இருக்கிறது. விடுப்பு எதற்கு என்று கேட்கும் ஒரு கட்டம். அந்தக் கட்டத்தில் இத்தனை வருடங்களில் அவர் எழுதியவை: தங்கை கல்யாணம், அம்மாவுக்கு மருத்துவம், குலதெய்வம், மாமனார் காரியம். ஒரு முறைகூட 'சும்மா' என்று எழுதியதில்லை. எழுத முடியாது என்பதல்ல. எழுத வேண்டும் என்று தோன்றியதே இல்லை.

அவர் உட்கார்ந்திருக்கும் இடத்தின் பெயரில் ஒரு தோட்டம் இருக்கிறது என்பதைக்கூட அவர் யோசித்திருக்க மாட்டார். கப்பல்காரர்களின் பேச்சில் 'ரீச்' என்றால் ஆறு வளையாமல் நேராக ஓடும் பகுதி. ஹூக்ளி ஆறு அப்படி ஓடும் இந்தக் கரையில், பதினெட்டாம் நூற்றாண்டில் கம்பெனியின் பெரிய மனிதர்கள் வரிசையாகத் தோட்ட வீடுகள் கட்டினார்கள். தோட்டங்கள் இருந்த ரீச், கார்டன் ரீச் ஆயிற்று. இன்று இங்கே கப்பல் தளமும் துறைமுகமும் தண்ணீர் நிலையமும் தையல் கூடங்களும்தான் கண்ணில் படுகின்றன. கிதிர்பூரிலிருந்து இந்தப் பக்கம் வரும் சர்குலர் கார்டன் ரீச் சாலைக்கு இப்போது கார்ல் மார்க்ஸின் பெயர்.

1780 மே மாதம் ஒரு கப்பல் இந்தக் கரையைக் கடந்து கல்கத்தாவுக்குப் போனது. அதில் எலைசா ஃபே என்ற ஆங்கிலப் பெண் இருந்தார். வழக்கறிஞரின் மனைவி. கல்கத்தாவுக்கு வந்து சேருவதற்குள்ளேயே கள்ளிக்கோட்டையில் ஹைதர் அலியின் ஆட்களிடம் சிறைப்பட்டு, மீண்டு, சென்னை வழியாக வந்தவர். அவ்வளவு அல்லலுக்குப் பிறகு இந்தத் தோட்ட வீடுகளைப் பார்த்ததும் வாயடைத்துப் போய் ஊருக்குக் கடிதம் எழுதினார். சென்னையிலும் இதே போன்ற தோட்ட வீடுகளைப் பார்த்ததை அவர் நினைவுகூர்ந்தார். தமிழ் வாசகருக்கு இது புதிதல்ல. போயஸ் தோட்டம் என்று சொல்லும்போது நாம் சொல்வது அப்படியொரு வெள்ளைக்காரர் வீட்டுத் தோட்டத்தின் பெயரைத்தான்.

அந்த வீடுகளின் சூட்சுமம் எளிமையானது. ஊருக்குள் அலுவலகம், ஊருக்கு வெளியே ஆற்றங்கரையில் காற்று. அலுவலகக் களைப்புக்கு மருந்தாகவே பிறந்த ஊர் கார்டன் ரீச்.

அங்கே குடியிருந்த ஓர் அரசு ஊழியரின் கதை கவனிக்கத் தக்கது. சர் வில்லியம் ஜோன்ஸ் 1783ல் கல்கத்தா உச்ச நீதிமன்றத்துக்கு நீதிபதியாக வந்தார். அடுத்த ஆண்டே ஏஷியாட்டிக் சொசைட்டியைத் தொடங்கினார். சமஸ்கிருதமும் கிரேக்கமும் லத்தீனும் ஒரே மூலத்திலிருந்து கிளைத்திருக்கலாம் என்று 1786ல் சொல்லி, மொழி ஆராய்ச்சியையே வேறு பாதைக்குத் திருப்பினார். இவ்வளவும் ஓய்வு நேர வேலை. மற்ற நேரத்தில் அவர் முழுநேர ஊழியர். கார்டன் ரீச் வீட்டிலிருந்து விடியுமுன் எழுந்து நகரத்தை நோக்கி நடப்பார். நீதிமன்ற விடுமுறை வந்தால் கிருஷ்ணநகருக்குப் போய்விடுவார். அங்கே பண்டிதர்களோடு சமஸ்கிருதம்.

அவருக்கும் ஒரு கனவு இருந்தது. கடன் இல்லாமல் வாழப் போதுமான பணம் சேர்த்துக்கொண்டு இங்கிலாந்துக்குத் திரும்பி, தோட்டமும் புத்தகமுமாக இருப்பது. மனைவி ஆனா மரியாவின் உடல்நிலை கல்கத்தா சூட்டில் குலைந்தபோது, 1793 இறுதியில் அவரை முதலில் கப்பலேற்றி அனுப்பினார். தாமும் கூடப் போயிருக்கலாம். ஆனால் சட்டத் தொகுப்பு வேலை பாதியில் நின்றது. அதை முடித்துவிட்டு வருவதாக இருந்தார். முடியவில்லை. 1794 ஏப்ரல் 27ல் கார்டன் ரீச் வீட்டிலேயே இறந்தார். வயது 47. பார்க் ஸ்ட்ரீட் கல்லறையில் அவருக்கு மேல் உயரமான கூம்பு நிற்கிறது. 'இந்த ஒரு வேலையை முடித்துவிட்டுப் போகலாம்' என்று நினைத்த ஊழியர்களின் பட்டியலில் முதல் பெயர் அவருடையதாக இருக்கலாம்.

அடுத்து வந்தவருக்கு வேலை என்று எதுவும் மிச்சமில்லை. 1856 பிப்ரவரியில் ஆங்கிலேயர் அவத் நாட்டை எடுத்துக்கொண்டார்கள். மே மாதம் அதன் நவாப் வாஜித் அலி ஷா கல்கத்தா வந்து சேர்ந்தார். லண்டன் போய் மகாராணியிடமே நியாயம் கேட்பது அவர் திட்டம். உடல்நிலை இடம் கொடுக்கவில்லை. தாயார் மலிகா கிஷ்வர் மட்டும் கப்பலேறினார். மனு பலிக்கவில்லை. திரும்பும் வழியில் 1858 ஜனவரியில் அந்த அம்மையார் பாரிஸில் இறந்தார். அங்கேயே அடக்கம். மகனோ அப்போது வில்லியம் கோட்டையில் காவலில் இருந்தார். 1857 கலகம் வெடித்ததும் பிடித்துக்கொண்டு போனவர்களை நவாபுக்கு விட 1859 ஆகிவிட்டது. நவாப் வெளியே வந்தபோது தாயும் இல்லை, நாடும் இல்லை.

ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய் ஓய்வூதியம் இருந்தது. அந்தக் காலத்து 12 லட்சம். அதை வைத்துக்கொண்டு கார்டன் ரீச்சை ஒட்டிய மட்டியாபுருஜில் நவாப் ஒரு லக்னோவைக் கட்டத் தொடங்கினார். மாளிகைகள், இமாம்பாடா, புலியும் பாம்பும் ஆயிரக்கணக்கான புறாக்களும் நிறைந்த விலங்குக் காட்சி, பட்டம் விடுபவர்கள், கதக் ஆடுபவர்கள், தும்ரி பாடுபவர்கள், சமையல்காரர்கள், தையல்காரர்கள். சிறுவயதை அங்கே கழித்த உருது எழுத்தாளர் அப்துல் ஹலீம் ஷரர், லக்னோவே பெயர்ந்து வந்துவிட்டது போலிருந்தது என்ற பொருளில் பின்னாளில் அந்த நாட்களை எழுதினார். கொல்கத்தா பிரியாணியில் உருளைக்கிழங்கு சேர்ந்தது இவருடைய சமையலறையில்தான் என்பது ஊரார் நம்பிக்கை. மட்டியாபுருஜின் தையல் தொழிலுக்கும் அவர் பெயரைச் சொல்பவர்கள் உண்டு. இன்று அங்கே சந்தை கூடும் நாட்களில் குழந்தைகள் சட்டையும் சல்வாரும் மூட்டை மூட்டையாக இந்தியா முழுவதற்கும் போகின்றன.

சொகுசு என்று மாலத்தீவுக் குடிலைப் பார்த்துப் பெருமூச்சு விடும் குமாஸ்தா இந்த நவாபைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம். நவாபிடம் எல்லாம் இருந்தது. ஊருக்குப் போகும் உரிமை ஒன்றுதான் இல்லை. 31 ஆண்டுகள் ஆற்றங்கரையில் இருந்து, 1887 செப்டம்பர் 21ல் இறந்தார். அவர் கட்டிய சிப்தைனாபாத் இமாம்பாடாவிலேயே அடக்கமானார். மாளிகைகள் போன இடம் தெரியவில்லை. கல்கத்தா வந்ததும் அவர் முதலில் தங்கிய வீடு என்று, இன்று ரயில்வே பொது மேலாளரின் இல்லமாக இருக்கும் பி.என்.ஆர். ஹவுஸைப் பலரும் காட்டுகிறார்கள்.

நவாப் புறா வளர்த்துக்கொண்டிருந்த அதே காலத்தில், அதே கரையில், இன்னொரு கூட்டம் கப்பலுக்குக் காத்திருந்தது. 1834 முதல் மொரீஷியஸுக்கும், பிறகு கயானா, டிரினிடாட், சுரினாம், ஃபிஜி என்று கரும்புத் தோட்டங்களுக்கும் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய டிப்போக்கள் கிதிர்பூரிலும் கார்டன் ரீச்சிலும் இருந்தன. பீகாரிலிருந்தும் இன்றைய உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வந்தவர்கள் அதிகம். தெற்கிலிருந்து போனவர்களுக்குச் சென்னையில் தனி டிப்போ. பாரதி கண்ணீரோடு பாடியது அந்தக் கரும்புத் தோட்டங்களைப் பற்றித்தான். 1873 பிப்ரவரியில் இங்கிருந்து புறப்பட்ட 'லல்லா ரூக்' என்ற கப்பல் ஜூன் 5ல் சுரினாம் சேர்ந்தது. இறங்கியவர்கள் 399 பேர். சுரினாமை 'ஸ்ரீராம் தேசம்' என்று சொல்லி ஏஜெண்டுகள் ஆள் பிடித்தார்கள் என்று அவர்களுடைய பேரப் பிள்ளைகள் இன்றும் கதை சொல்கிறார்கள். நல்ல இடம், லேசான வேலை, ஐந்து வருடத்தில் திரும்பிவிடலாம்.

பலர் திரும்பவில்லை. கார்டன் ரீச்சில் சுரினாம் காட் என்ற படித்துறை இன்னும் அந்தப் பெயரோடு இருக்கிறது. 2015 அக்டோபரில் அங்கே ஒரு நினைவுச் சின்னம் திறந்தார்கள். ஓர் ஆண், ஒரு பெண். தலைநகர் பராமரிபோவில் நிற்கும் சிலையைப் போன்றது. 'மாய்-பாப்' என்று பெயர். அம்மா-அப்பா. அலுவலகம் போகும் அவசரத்தில் இருக்கும் யாரும் அதன் முன் நிற்பதில்லை. நின்று பார்த்தால் ஒன்று புரியும். தூர தேசத்துப் படத்தைக் காட்டி ஆளை மயக்குவது கைபேசி வந்த பிறகு தொடங்கியதல்ல.

நவாப் கண்மூடிய அதே 1887ல் பெங்கால் நாக்பூர் ரயில்வே கம்பெனி பிறந்தது. பி.என்.ஆர். என்றால் பழைய ஆட்களுக்கு இன்றும் புரியும். பின்னர் அதன் தலைமையிடம் கார்டன் ரீச்சுக்கு வந்தது. ஆங்கிலேயரின் ஓய்வுக் கரை, குமாஸ்தாக்களின் கரை ஆயிற்று. 1944ல் அரசு எடுத்துக்கொண்டது. 1955 ஆகஸ்ட் 1ல் தென்கிழக்கு ரயில்வே உருவானது. 2003ல் புவனேஸ்வரம், பிலாஸ்பூர் மண்டலங்கள் பிரிந்து போயின. ஹவுராவையும் சென்னையையும் இணைக்கும் கோரமண்டல் எக்ஸ்பிரஸ் 1977ல் இந்த ரயில்வேயின் வண்டியாகத்தான் ஓடத் தொடங்கியது. 2022 முதல் அது ஷாலிமாரிலிருந்து புறப்படுகிறது. ஷாலிமார் ஆற்றுக்கு அந்தப் பக்கம். கும்பகோணத்துக்கோ திருநெல்வேலிக்கோ போக நினைக்கும் கார்டன் ரீச் தமிழருக்கு, ஊர் வண்டி இப்போது எதிர்க்கரையில் நிற்கிறது.

வங்காளத்து நடுத்தர வர்க்கத்துக்கு விடுமுறை என்பதைக் கற்றுக்கொடுத்ததில் ரயிலுக்குப் பெரும் பங்கு உண்டு. புரிக்கு ரயில் 1897ல் போனது. ஹவுராவிலிருந்து கரக்பூருக்கு 1900ல் பாதை விழுந்தது. அதுவரை ஜகந்நாதரைப் பார்க்க வாரக்கணக்கில் நடந்தவர்கள், ராத்திரி படுத்து எழுந்தால் புரி என்ற நிலைக்கு வந்தார்கள். 1925ல் பி.என்.ஆர். அங்கே கடலைப் பார்த்தபடி ஓட்டல் திறந்தது. வெள்ளைக்காரர்களுக்கும் பெரிய அதிகாரிகளுக்கும் அது. மணியடித்தால் வரும் பேரர், மத்தியான சூப், சாய்வு நாற்காலி. இப்போது தனியார் குத்தகையில் நடக்கிறது. பழைய பெயரிலிருந்து 'பி.என்.ஆர்.' மட்டும் போகவில்லை.

குமாஸ்தாக்கள் வேறு வழி கண்டுபிடித்தார்கள். அதன் பெயர் ஹாலிடே ஹோம். வங்கி, இன்ஷூரன்ஸ், ரயில்வே என்று கொல்கத்தாவில் ஊழியர் அமைப்பு எதுவானாலும் புரியிலோ தீகாவிலோ நாலு அறை வைத்திருக்கும். வாடகை சொற்பம். சமைத்துக்கொள்ளலாம். அதனால் ரயிலேறும்போது மூட்டையில் அரிசி, பருப்பு, கடுகு எண்ணெய், பிரஷர் குக்கர் எல்லாம் ஏறும். கடற்கரைக்குப் போனாலும் அம்மாவுக்கு அடுப்படிதான். விடுமுறை மற்றவர்களுக்கு.

தீகா, புரி, டார்ஜிலிங். இந்த மூன்றின் முதல் எழுத்துகளைச் சேர்த்து 'தீ-பு-தா' என்று வங்காளிகள் தங்களையே கேலி செய்துகொள்வார்கள். யாரோ ஓர் அண்ணனைக் கூப்பிடுவது போல ஒலிக்கும். ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாதவரைப் பார்த்துக் காலடியில் கடுகு இருக்கிறது என்பார்கள். கடுகின் மேல் நின்றால் உருளாமல் என்ன செய்வது?

அதற்கும் முன்பு 'சேஞ்ச்' என்று ஒன்று இருந்தது. மலேரியாவும் வயிற்றுக்கோளாறும் வாட்டிய காலத்தில், காற்று மாறினால் உடம்பு தேறும் என்று டாக்டர் எழுதிக் கொடுப்பார். கல்கத்தா பாபு குடும்பத்தோடு மதுபூர், கிரிடி, காட்சிலா என்று மேற்கே கிளம்பிவிடுவார். அங்கே சந்தையில் முட்டையும் கோழியும் விலை கேட்டுவிட்டு 'டேம் சீப், டேம் சீப்' என்று வியந்தார்களாம். உள்ளூர்க்காரர்கள் அவர்களுக்கு 'டாஞ்சி பாபு' என்று பெயர் வைத்தார்கள். இதில் கவனிக்க வேண்டியது டாக்டர் சீட்டு. உல்லாசமாகப் போகிறேன் என்று அன்றைக்கும் யாரும் சொல்லவில்லை. உடம்புக்காகப் போகிறேன் என்றார்கள். புரிக்குப் போனவர் ஜகந்நாதருக்காகப் போனார். கடல் பக்கத்தில் இருந்தது, அவ்வளவுதான்.

தமிழர்களும் இதில் சளைத்தவர்கள் அல்ல. நம் குடும்பங்களில் சுற்றுலா என்ற சொல்லே புதிது. ராமேஸ்வரம் போனால் தனுஷ்கோடியைப் பார்ப்போம். பழனிக்குப் போனால் அப்படியே கொடைக்கானல். முதலில் முடி காணிக்கை, பிறகுதான் படகுச் சவாரி. சாமியை முன்னால் நிறுத்திவிட்டு அதன் பின்னால் ஒளிந்துகொண்டு ஒரு ஐஸ்கிரீம் சாப்பிடுவோம். திரும்பி வந்ததும் அக்கம்பக்கத்தில் பிரசாதம் கொடுப்போம். ஐஸ்கிரீமைப் பற்றிப் பேச்சு வராது.

கார்டன் ரீச் குமாஸ்தாவின் மூன்று பாஸும் இந்த வழியில்தான் தீர்கின்றன. ஒன்று சித்திரையிலோ வைகாசியிலோ ஊரில் ஒரு கல்யாணத்துக்கு. ஒன்று கோயிலுக்கு. மூன்றாவது வேலூருக்கு. கொல்கத்தாவிலிருந்து சென்னை வரும் வண்டிகளில் எக்ஸ்ரே கவரை மார்போடு அணைத்துக்கொண்டு வரும் வங்காளிகளைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையைச் சுற்றி விடுதிகளின் பெயர்ப் பலகைகள் வங்காளியில் இருக்கின்றன. சாப்பாட்டுக் கடைகளில் மீன் குழம்பும் கடுகு வாசமும் உண்டு. கொல்கத்தா தமிழ்க் குமாஸ்தாவுக்கு இங்கே இன்னொரு வேலை சேரும். பக்கத்து மேஜை வங்காளி சகாவின் மனைவிக்கு வேலூரில் ஆபரேஷன் என்றால், மொழி தெரிந்தவர் என்று இவர் கூடப் போக வேண்டும். பாஸ் இருக்கிறதே.

பாஸ் செல்லாத வண்டிகளும் உண்டு. 1982ல் ஓடத் தொடங்கிய 'பேலஸ் ஆன் வீல்ஸ்', 2010ல் வந்த 'மகாராஜா எக்ஸ்பிரஸ்' போன்ற சொகுசு வண்டிகளில் ஊழியரின் இலவச பாஸை நீட்ட முடியாது. தண்டவாளம் ரயில்வேயுடையது, சிக்னல் ரயில்வேயுடையது, அதன் கணக்கு வழக்கும் ஏதோ ஓர் அலுவலகத்தில் ஏதோ ஒரு குமாஸ்தாவின் கையில்தான். உள்ளே உட்கார வெளிநாட்டுப் பயணியின் பணம் வேண்டும்.

தண்ணீரிலும் அதே கதை. 2023 ஜனவரி 13ல் வாரணாசியில் பிரதமர் கொடியசைத்து 'கங்கா விலாஸ்' என்ற சொகுசுக் கப்பல் கிளம்பியது. வங்கதேசம் வழியாக திப்ரூகர் வரை 51 நாள், சுமார் 3,200 கி.மீ. மொத்தம் 18 அறைகள். முதல் பயணத்தில் போனவர்கள் சுவிட்சர்லாந்துக்காரர்கள் 32 பேர். கொல்கத்தாவிலிருந்து சுந்தரவனத்துக்கு இறங்கும் எந்தக் கப்பலும் கார்டன் ரீச்சைத் தாண்டித்தான் போக வேண்டும். இதுவும் போனது. தளத்தில் நின்ற பயணிகள் ஆற்றங்கரைக் கட்டடங்களைப் படமெடுத்திருப்பார்கள். 1780ல் எலைசா ஃபே கப்பலிலிருந்து கரையைப் பார்த்தார். இன்று கரை கப்பலைப் பார்க்கிறது.

அந்தமானுக்குப் போகும் அரசுக் கப்பல்களும் இந்த வழியேதான். மூன்று நான்கு நாள் பயணம். அவற்றில் போகிறவர்கள் பெரும்பாலும் உல்லாசப் பயணிகள் அல்ல. தீவிலிருந்து சிகிச்சைக்கு வந்து திரும்புகிறவர்கள், கூலி வேலைக்குப் போகிறவர்கள், பண்டிகைக்கு வந்தவர்கள். அவர்களுக்கும் ஒரு காரணம் இருக்கிறது.

பூஜை விடுமுறைக்கு முன்னால் அலுவலகத்தில் ஒரு பரபரப்பு வரும். 2024 நவம்பர் முதல் ரயில் முன்பதிவு 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது. அறுபதாவது நாள் காலை எட்டு மணிக்கு கொல்கத்தா முழுவதும் ஒரே நேரத்தில் புரிக்கு டிக்கெட் தட்டும். பாஸ் வைத்திருப்பவருக்கும் படுக்கை சும்மா கிடைத்துவிடாது. பயணம் இலவசம், இடம் போட்டியில்தான். முன்பதிவு முடிந்ததும் சகாக்கள் கேட்பார்கள், எங்கே, என்ன விசேஷம்? பதில் தயாராக இருக்க வேண்டும். விசேஷம் இல்லாமல் செலவு செய்பவன் ஊதாரி. விசேஷம் இல்லாமல் லீவு போடுபவன் வேலைக்கள்ளன். மாலத்தீவுக் குடிலின் வாடகையை எப்படியாவது சேர்த்துவிடலாம். சொசைட்டிக் கடன் இருக்கிறது, போனஸ் இருக்கிறது. இந்தக் கேள்விக்குத்தான் அவரிடம் பணம் இல்லை.

மட்டியாபுருஜ் பக்கம் ஒரு படித்துறை இருக்கிறது. இங்கிருந்து அக்கரைக்குப் படகு போகிறது. கட்டணம் ஒரு கோப்பை டீயின் விலைக்கு மேல் இராது. அக்கரையில் இருப்பது சிப்பூர் தாவரவியல் தோட்டம். 1787ல் கர்னல் ராபர்ட் கிட் தொடங்கியது. கப்பல் கட்டத் தேக்கும், விற்கப் பட்டையும் கிராம்பும் வளர்க்கலாம் என்பது கம்பெனியின் கணக்கு. ஆக, தோட்டத்துக்கும் ஒரு காரணம் இருந்தது. 1793ல் சென்னை மாகாணத்திலிருந்து வில்லியம் ராக்ஸ்பரோ வந்தபின் அது செடிகளின் நூலகமாக மாறியது. எதிர்க்கரையில் குடியிருந்த ஜோன்ஸுக்கும் செடிகளில் பெரிய ஈடுபாடு. ஜோன்ஸ் இறந்தபின் அசோக மரத்தின் தாவரவியல் பெயரில் ராக்ஸ்பரோ அவர் பெயரைச் சேர்த்தார். பின்னாளில் வகைப்பாடு மாறி அந்தப் பெயரும் போனது. மரம் இருக்கிறது.

273 ஏக்கர். அதன் நடுவே பெரிய ஆலமரம். வயது 250க்கு மேல். 1864, 1867 புயல்களில் அடிபட்டது. அடிமரத்தைப் பூஞ்சை அரித்தது. 1925ல் அதை வெட்டி எடுத்துவிட்டார்கள். நடுவில் ஒன்றுமில்லை. சுற்றி நிற்கும் ஆயிரக்கணக்கான விழுதுகள்தான் மரம். 2020 ஆம்பன் புயலில் மீண்டும் சேதம். அப்படியும் நிற்கிறது, வெளிப்பக்கமாக இன்னும் நகர்ந்துகொண்டே. லேக் மார்க்கெட் தமிழரை அதன் கீழே கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினால், இரண்டு தலைமுறைக்கு முன் கழன்றுபோன அடிமரம் எது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

இக்கரைக்கு அக்கரை பச்சை என்பது நம் பழமொழி. கார்டன் ரீச்சில் அது பழமொழி மட்டுமல்ல, ஜன்னலுக்கு வெளியே தெரியும் காட்சி. அக்கரை உண்மையிலேயே பச்சை. இருபது வருடமாக எதிரே இருக்கிறது. பெரும்பாலான குமாஸ்தாக்கள் அங்கே ஒரே ஒரு முறை போயிருப்பார்கள், ஊரிலிருந்து வந்த விருந்தாளிக்கு ஆலமரத்தைக் காட்டுவதற்காக.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விருந்தாளி யாரும் வராதபோது அவர் படகில் ஏறினால் என்ன ஆகும்? பெரிதாக ஒன்றும் ஆகாது. படகு டீசல் நாற்றத்தோடு நடு ஆற்றுக்கு வரும். காற்று முகத்தில் அடிக்கும். வித்யாசாகர் பாலத்தின் கம்பிகள் விசிறியைப் போல விரிந்து தெரியும். தோட்டத்தில் ஒரு கல் பெஞ்சில் உட்கார்ந்து திரும்பிப் பார்த்தால், தான் தினமும் போய் வரும் கரை தெரியும். கப்பல் தளத்தின் கிரேன்கள், மசூதி மினார்கள், நடுநடுவே மரங்கள். அந்த மரங்களுக்குள் எங்கேயோ தன் மேஜை இருக்கிறது என்பதை நம்புவது கொஞ்சம் சிரமமாக இருக்கும். இங்கிருந்து பார்த்தால் அதுவும் பச்சைதான்.

சாயந்தரம் வீடு திரும்பும்போது மனைவி கதவைத் திறப்பார். எங்கே போய்விட்டு வருகிறீர்கள், யாருக்காவது உடம்பு சரியில்லையா? கையில் பிரசாதமும் இல்லை, மருந்துச் சீட்டும் இல்லை. சட்டையில் ஆற்றுக் காற்றின் ஈரம் மட்டும். அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டே, வாழ்க்கையில் முதல் முறையாக, உண்மையான பதிலைச் சொல்லிவிடலாம்: "சும்மாதான்."

அடுத்த ஞாயிறு இரண்டு டிக்கெட்டாக எடுக்க வேண்டியிருக்கும்.